முதலில் படியெடுங்கள், பிறகு பழுதுபாருங்கள்

கணினியில் ஒரு கோப்புறையைச் சொடுக்கினால் அது திறக்க மறுக்கிறது. கோப்போ கோப்புறையோ சிதைந்துவிட்டது, படிக்க இயலவில்லை என்று விண்டோஸ் அறிவிக்கிறது. விண்டோஸின் பிழைப் பட்டியலில் இதன் எண் 1392. உள்ளே பத்து வருடக் குடும்பப் படங்கள் இருக்கலாம், ஒரு கடையின் கணக்கு இருக்கலாம், முடியும் தறுவாயில் உள்ள ஆய்வேடு இருக்கலாம். இதற்குக் கையேடுகளும் கணினி பழுதுபார்ப்பவர்களும் விவரம் தெரிந்த நண்பர்களும் சொல்லும் வழி ஒன்றுதான்: செக்டிஸ்க் கட்டளையைப் பழுதுநீக்கும் வாய்ப்போடு ஓட்டுங்கள். பெரும்பாலும் கோப்புறை திறந்தும் விடுகிறது. அதனாலேயே இந்த வழியின் மேல் யாரும் கேள்வி எழுப்புவதில்லை. எழுப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். செக்டிஸ்க் போன்ற கருவிகள் காப்பது கோப்பு முறைமையின் ஒழுங்கை. அந்த ஒழுங்குக்காக நம் கோப்புகளை அவை விட்டுக்கொடுக்கவும் கூடும். ஆகவே டிஸ்கில் எஞ்சியிருப்பதை, அதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல், வேறோர் இடத்துக்குப் படியெடுப்பதுதான் முதல் வேலை; பழுதுபார்ப்பு அதற்குப் பின். தரவு மீட்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது பழைய பாடம். வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் கணினி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது போய்ச் சேரவில்லை.

கோப்புறை என்பது உண்மையில் என்ன என்று பார்த்தால் இந்த வாதத்தின் அடித்தளம் புரியும். திரையில் அது ஒரு பைபோலத் தெரிந்தாலும், டிஸ்கில் அது ஒரு பதிவேடு மட்டுமே. இன்னின்ன பெயருள்ள கோப்புகள் இன்னின்ன இடத்தில் உள்ளன என்ற குறிப்புகள் அதில் இருக்கும்; கோப்புகளின் உள்ளடக்கம் டிஸ்கின் வேறு பகுதிகளில் கிடக்கும். பட்டாப் பதிவேட்டின் ஒரு பக்கம் கிழிந்துபோனால் நிலம் காணாமல் போய்விடாது. கெட்டுப்போன கோப்புறையின் நிலையும் பெரும்பாலும் அதுதான். 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி எனப்படும் முதன்மை அட்டவணையில் தனிப்பதிவு ஒன்று உண்டு; வழக்கமாக அதன் அளவு 1,024 பைட். கோப்பின் பெயரும், அது எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்ற குறிப்பும் அந்தப் பதிவிலேயே எழுதப்பட்டிருக்கும். அதாவது ஒரே செய்தி இரண்டு இடத்தில் இருக்கிறது: கோப்புறையின் பட்டியலில் ஒன்று, கோப்பின் சொந்தப் பதிவில் மற்றொன்று. பட்டியல் மட்டும் அழிந்தால் எம்எஃப்டியை முழுக்கப் படித்து அதைத் திரும்பக் கட்டிவிடலாம். செக்டிஸ்க் பல நேரம் அற்புதம்போல வேலை செய்வதற்கு இதுவே காரணம். கோப்புறையின் சொந்தப் பதிவே சிதைந்துபோனால் கதை வேறு. அதன் கீழிருந்த கோப்புகள் பெற்றோரில்லாதவை ஆகின்றன; செக்டிஸ்க் அவற்றைத் திரட்டி ஃபவுண்ட்.000 என்ற பெயரில் ஒரு கோப்புறையில் போடுகிறது. பென் டிரைவ்களில் காணப்படும் பழைய ஃபேட்32 முறையில் இந்த இரட்டைப் பதிவு கிடையாது. பெயர், தேதி, தொடக்க இடம் எல்லாம் கோப்புறைக்குள் இருக்கும் 32 பைட் வரிகளில் மட்டுமே உள்ளன. அந்த வரி போனால் பெயரும் போயிற்று. பிறகு கிடைப்பவை ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று எண்ணிடப்பட்ட துண்டுகளே. ஒரே அறிவிப்பு, ஒரே கட்டளை. டிஸ்க் எந்த முறையில் அமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விளைவு இவ்வளவு மாறுகிறது. இதை அறியாமல் கட்டளையை ஓட்டுபவர் எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரியாமலே வைக்கிறார்.

சிதைவு எப்படி நேர்கிறது என்பதும் ஒரே வகையாக இல்லை. என்டிஎஃப்எஸ் பெரிய கோப்புறைகளின் பட்டியலை 4,096 பைட் கொண்ட தொகுதிகளாக எழுதுகிறது. ஒவ்வொரு 512 பைட் பகுதியின் கடைசி இரண்டு பைட்டிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணைப் பதித்துவைக்கிறது. எழுதும்போது பாதியில் மின்சாரம் நின்றாலோ கேபிளைப் பிடுங்கினாலோ சில பகுதிகளில் புதிய எண்ணும் மற்றவற்றில் பழைய எண்ணும் நின்றுவிடும். அடுத்த முறை படிக்கும்போது அவை ஒத்துப்போகாததால் தொகுதி முழுவதையும் சிதைந்தது என்று விண்டோஸ் ஒதுக்குகிறது. இது எழுதும்போது நேர்ந்த பிழை; டிஸ்கின் உடல் நலமாகவே இருக்கிறது. இரண்டாவது வகையில் டிஸ்கின் பரப்பே பழுதாகி, ஒரு செக்டரைப் படிக்கவே முடியாமல் போகிறது. மூன்றாவது, டிஸ்குக்கும் செயலிக்கும் இடையிலுள்ள பாதையின் கோளாறு: தளர்ந்த கேபிள், மின்சாரம் போதாத வெளிப்புற டிஸ்க் பெட்டி, பழுதான ரேம். இந்த மூன்றுக்கும் திரையில் வரும் வாசகம் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் கணினி வேறு தடயங்களை விட்டுவைக்கிறது. படிக்கும்போது சுழற்சி மிகைச் சோதனைப் பிழை என்று வந்தால் அது விண்டோஸில் எண் 23, பெரும்பாலும் டிஸ்கின் பரப்பையோ பாதையையோ சுட்டுவது. ஈவென்ட் வியூவரில் என்டிஎஃப்எஸ் பதிந்த நிகழ்வு 55 கட்டமைப்புச் சிதைவைச் சொல்கிறது; டிஸ்க் பதிந்த நிகழ்வு 7 பழுதான பகுதியைச் சொல்கிறது. டிஸ்க் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பேட்டில் 5, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகள் சுழியத்தைத் தாண்டியிருந்தால் பரப்பில் கோளாறு. 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகள் எதுவும் டிஸ்கில் உள்ள கோப்புகளை மாற்றுவதில்லை, பத்து நிமிடத்துக்கு மேல் பிடிப்பதுமில்லை. இவற்றைச் செய்யாமல் பழுதுநீக்கத்தில் இறங்குவது நோய் இன்னதென்று தெரியாமல் கத்தியை எடுப்பதாகும். ரேம் பழுதான கணினியில் செக்டிஸ்கை ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். நல்ல பதிவைத் தவறாகப் படித்து, அந்தத் தவற்றையே உண்மை என்று டிஸ்கில் எழுதிவிட முடியும்.

சிதைவே இல்லாமல் சிதைவுபோலத் தோன்றுவதும் உண்டு. அனுமதி மறுக்கப்பட்டது என்ற அறிவிப்பு உரிமை அமைப்பு தொடர்பானது. பொதுக் கணினிகளில் செருகி எடுத்த பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் வைரஸின் வேலை. அசல் கோப்புறைகள் மறைக்கப்பட்டு அங்கேயே இருக்கும். உண்மையான சிதைவு அறிவிப்பேகூடப் பொய்யாகலாம். 2021 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்திய குறையின்படி, விண்டோஸ் 10இல் என்டிஎஃப்எஸ்ஸின் உள்பண்பு ஒன்றைச் சுட்டும் ஒற்றை வரிப் பாதையைத் திறக்க முயன்றாலே போதுமாக இருந்தது. டிஸ்க் சிதைந்துவிட்டது, மறுதொடக்கம் செய்து சரிசெய்யுங்கள் என்று கணினி எச்சரித்தது. மைக்ரோசாஃப்ட் அந்தக் குறையை அதே ஆண்டு ஏப்ரலில் திருத்தியது. விண்டோஸ் 8க்காக 2012இல் செக்டிஸ்கைப் புதிதாக வடிவமைத்தபோது, சிதைவு என்று கண்டதை உடனே நம்பாமல் டிஸ்கில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று மறுபடி சரிபார்க்கும் தனிச் சேவை ஒன்றை அந்நிறுவனமே சேர்த்தது. நினைவகக் கோளாறால் தோன்றி மறையும் போலிச் சிதைவுகள் உண்டு என்பதே அதற்குச் சொன்ன காரணம். கருவியை ஆக்கியவர்களே முதல் அறிவிப்பை நம்பவில்லை என்றால் பயனர் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

பழுதுநீக்கும் கருவி என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். கோப்பு முறைமைக்குச் சில விதிகள் உண்டு: ஒரே இடத்தை இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடக்கூடாது, ஒவ்வொரு கோப்பும் ஏதாவதொரு கோப்புறையின் கீழ் இருக்க வேண்டும், காலி என்று குறித்த இடம் உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். விதி மீறல் கண்ட இடத்தில் கருவி ஏதாவதொரு பக்கத்தைத் திருத்தி விதியை நிலைநாட்டும். எந்தப் பக்கம் உண்மை என்று அதற்குத் தெரியாது; ஊகிக்கிறது. ஊகம் தவறினால் பதிவு நீக்கப்படலாம், கோப்பு துண்டிக்கப்படலாம், பட்டியல் வெட்டப்படலாம். வேலை முடிந்ததும் டிஸ்க் விதிப்படி ஒழுங்காக இருக்கும். கோப்பு இல்லாமல் போயிருக்கும். யூனிக்ஸ் உலகில் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்சிகே கருவியை உருவாக்கி மேம்படுத்திய கோவால்ஸ்கி, மெக்குசிக் ஆகியோரின் தலைமுறை இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்திருந்தது. மின்சாரம் நின்றால் இயல்பாக நேரக்கூடிய, தீங்கற்ற முரண்களை மட்டும் அந்தக் கருவி தானாகத் திருத்தும். எதிர்பாராத முரண் ஒன்றைக் கண்டால் நின்றுவிட்டு மனிதரை அழைக்கும். அந்த நிதானம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹர்யாதி குணாவி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், லினக்ஸின் இ2எஃப்எஸ்சிகே கருவிக்குத் திட்டமிட்டுச் சிதைத்த டிஸ்க்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சரியான விவரம் டிஸ்கிலேயே வேறிடத்தில் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் திருத்தியதையும், சில திருத்தங்கள் கோப்பு முறைமையை முன்னைவிட மோசமாக்கியதையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். பல ஆண்டுகள் உலகமே சோதித்த கருவி அது. விண்டோஸ் பக்கத்தில் இதைவிட நேரடியான சான்று இருக்கிறது. 2020 டிசம்பர் 8 அன்று வெளிவந்த கேபி4592438 என்ற புதுப்பிப்பை நிறுவிய கணினிகள் சிலவற்றில், செக்டிஸ்கைப் பழுதுநீக்கும் வாய்ப்போடு ஓட்டியதால் கோப்பு முறைமை சேதமடைந்து கணினியே தொடங்காமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவை சிறு எண்ணிக்கைதான், விரைவில் திருத்தமும் வந்தது. ஆனாலும் நலமாக இருந்த டிஸ்கைக்கூடப் பழுதுநீக்கும் கருவி கெடுத்த நிகழ்வு அது. முன்கூட்டியே நகல் எடுத்திருந்தவருக்கு மட்டுமே அன்று அது ஒரு தொந்தரவோடு முடிந்திருக்கும்.

டிஸ்கின் பரப்பே பழுதாகிக்கொண்டிருக்கும்போது வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. கூகுளின் பின்யேரோ, வெபர், பரோசோ மூவரும் 1,00,000க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முக்கியமான ஆவணம். பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாத டிஸ்கைவிட அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அது கண்டது. அதே கட்டுரையின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: செயலிழந்த டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேலானவை, ஸ்மார்ட்டின் மிக வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதாவது ஸ்மார்ட் ஆபத்து என்று சொன்னால் நம்ப வேண்டும். ஆபத்தில்லை என்று சொன்னால் நம்பிவிடக்கூடாது. இப்படிப்பட்ட டிஸ்கில் செக்டிஸ்கின் ஆர் வாய்ப்பை ஓட்டுவதுதான் பரவலான பழக்கம். அது ஒவ்வொரு பகுதியையும் படித்து, படிக்க முடியாதவற்றைப் பழுது என்று குறித்து ஒதுக்குகிறது. பழுதான இடத்தில் திரும்பத் திரும்பத் தலை மோதும்போது டிஸ்கின் எஞ்சிய ஆயுள் கரைகிறது. அப்படிப் படித்ததையும் அது எங்கும் எடுத்துவைப்பதில்லை. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியின் போக்கு இதற்கு நேர்மாறு. எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வாரி வேறொரு டிஸ்கில் எழுதிவிடுகிறது. தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போய், நல்லதெல்லாம் பத்திரமான பிறகே அவற்றுக்குத் திரும்பி வருகிறது. எதுவரை படித்தோம் என்ற வரைபடத்தைத் தனிக் கோப்பில் எழுதிவைப்பதால் நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். டிஸ்க் பாதியில் உயிரை விட்டாலும் அதுவரை எடுத்தது நம் கையில் இருக்கும்.

இதற்கு வரும் மறுப்புகளில் நியாயமானவை உண்டு. பெரும்பாலான சிதைவுகள் சின்னவை, செக்டிஸ்க் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடும், அதற்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு என்பது முதல் மறுப்பு. உண்மைதான், என்டிஎஃப்எஸ்ஸின் இரட்டைப் பதிவைப் பற்றி மேலே சொன்னதே அதற்கு ஆதாரம். ஆனால் எது சின்னச் சிதைவு என்பது கட்டளை ஓடி முடிந்த பிறகே தெரிகிறது, அப்போது திரும்ப வழியில்லை. செக்டிஸ்கில் செய்ததை மீளப்பெறும் வசதி கிடையாது. இழந்தால் வருத்தமில்லாத கோப்புகள் என்றால், அல்லது வேறிடத்தில் பேக்கப் இருந்தால், தாராளமாக உடனே ஓட்டலாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கணினியோடு ஒத்திசைந்துகொண்டே இருக்கும் மேகச் சேமிப்பை மட்டும் அப்படிப்பட்ட பேக்கப் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே நேரும் அழிவு அங்கேயும் போய்ச் சேரும். என்டிஎஃப்எஸ் ஜர்னல் வைத்திருக்கும் முறை, ஆகவே தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பது அடுத்த மறுப்பு. அந்த ஜர்னல் கட்டமைப்பு மாற்றங்களை மட்டுமே பதிகிறது, கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல; பாதியில் நின்ற எழுதும் வேலையை அது சீராக்கும், பழுதான பரப்பையோ ரேமையோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சத்தமில்லாத சிதைவு எவ்வளவு பரவலானது என்பதை பைரவசுந்தரம் முதலானோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்ததில், எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாத நிகழ்வுகள் 4,00,000க்கும் மேல். உள்ளடக்கத்துக்கே சரிபார்ப்புத் தொகை வைக்கும் இசட்எஃப்எஸ் போன்ற முறைகள் இதைப் பிடிக்கும், என்டிஎஃப்எஸ் பிடிக்காது.

நேரமும் செலவும் ஆகும் என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கான பதில் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு டெராபைட் டிஸ்கை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தால் 10,000 நொடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. செக்டிஸ்கின் ஆர் வாய்ப்பும் டிஸ்க் முழுவதையும் படிக்கத்தான் வேண்டும், அதற்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். ஒரே உழைப்பில் ஒன்று நகலைத் தருகிறது, மற்றது தருவதில்லை. செலவைப் பொறுத்தவரை இன்னொரு டிஸ்க் வேண்டும் என்பது உண்மை. வாங்க முடியாதவர் ஒரு நாளைக்கு இரவல் பெறலாம். அதுவும் இயலாதவர் டிஸ்கை அணைத்து எடுத்து வைத்தாலே போதும். அணைந்திருக்கும் டிஸ்கில் புதிய சேதம் அரிது. எஸ்எஸ்டி என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். காலி என்று குறிக்கப்பட்ட இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் என்ற ஏற்பாடு உண்டு. தெரிவித்துவிட்டால் அங்கே கிடந்த பழைய உள்ளடக்கம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. பழுதுநீக்கும்போது தவறுதலாகக் காலி என்று குறிக்கப்பட்ட இடத்தை, விண்டோஸ் அவ்வப்போது தானாக ஓட்டும் டிஸ்க் பராமரிப்பு வேலை துடைத்துவிடக் கூடும். பழைய ஹார்ட் டிஸ்கில் அழிந்த கோப்பைப் பிறகு தேடிப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது.

ஆக வேலையின் ஒழுங்கு இப்படி அமைய வேண்டும். அறிவிப்பு வந்ததும் அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விஸ்டா காலம் முதல் முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கச் சுழியங்களை எழுதுகிறது என்பதால் அந்த ஒரு சொடுக்கோடு எல்லாம் முடிந்துவிடக் கூடும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் நிறுவுவதும் இதே தவறின் சிறிய வடிவம். கேபிளையும் அதைச் செருகும் துளையையும் மாற்றி, முடிந்தால் வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். கோளாறு பாதையில் இருந்தால் கோப்புறை அங்கே சாதாரணமாகத் திறந்துகொள்ளும். திறந்தால் முக்கியமானவற்றை உடனே வேறிடத்துக்கு நகலெடுங்கள். திறக்காவிட்டால் லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுங்கள். டிஸ்கில் டக் டக் என்ற ஓசை கேட்டால் எதையும் முயலாமல் நிறுத்திவிட்டுத் தூசியற்ற அறையுள்ள மீட்பகத்திடம் கொடுப்பதே வழி. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சை நம்பி வைப்பவர்கள் ஈரத்தைத்தான் உள்ளே விடுகிறார்கள். நகல் கைக்கு வந்த பிறகு அசலைக் கழற்றி வையுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருப்பதால் ஒரே கணினியில் சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவிடும். இனி நகலின் மேல் செக்டிஸ்கை ஓட்டலாம். கோப்புறை திறந்துகொண்டால் நல்லது, கோப்புகள் ஃபவுண்ட்.000க்குள் போயிருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றால் அசலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, கிறிஸ்டோஃப் கிரெனியேயின் டெஸ்ட்டிஸ்க் கொண்டு பட்டியலைத் தேடலாம். அதுவும் தோற்றால் அவருடைய ஃபோட்டோரெக் இருக்கிறது. கோப்பு வகையின் தலைப்பு அடையாளத்தை வைத்து உள்ளடக்கத்தை அது தோண்டி எடுக்கும். பெயரும் கோப்புறை அமைப்பும் கிடைக்காது, துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பெரிய கோப்புகளும் முழுதாக வரா. இத்தனை முயற்சிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய முடிவது அசல் தொடப்படாமல் இருப்பதால்தான்.

இந்தப் பொறுப்பு முழுவதையும் பயனர் தலையில் கட்டுவதும் சரியல்ல. லினக்ஸின் இ2எஃப்எஸ்சிகே 2016 முதல் ஒரு வாய்ப்பைத் தருகிறது: திருத்துவதற்கு முன் பழைய பதிவுகளைத் தனிக் கோப்பில் எழுதிவைத்து, திருத்தம் தவறினால் அதைக்கொண்டு டிஸ்கைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். அதற்குத் தேவை சிறிதளவு இடமும் கொஞ்சம் கூடுதல் நேரமும்தான். செக்டிஸ்கில் இது இல்லை; டிஸ்கை ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று கேட்கும் விண்டோஸின் அறிவிப்பில் நகல் எடுத்துவிட்டீர்களா என்ற ஒரு வரியும் இல்லை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் இயங்குதளத்தில் இந்த இரண்டையும் மைக்ரோசாஃப்ட் சேர்க்க வேண்டும். அதுவரை, சரிசெய் என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் இன்னொரு டிஸ்கைத் தேடி எடுத்து வாருங்கள்.